எந்தக் கையால் பல் பிடுங்குவது

காஜா பேராங், மலாக்கா
17-9-57, செவ்வாய் பிற்பகல்

தம்பி கருணாகரனுக்கு அக்கா சந்திரமதி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நானும் உன் மகள் பூங்காவனமும் சுகம். அங்கு நீயும், உன் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியும், அதில் படுத்திருப்பவர்களும் அவரவர் நிலைமைக்கு ஏற்ற சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பல் பிடுங்குவது வலக்கை வேலையா, இடக்கை வேலையா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். எனக்குத் தெரியாது. பல நாள் யோசித்தும் தெரியவில்லை. சென்னைக்குக் கப்பலேறிப் போய்த் தத்துவம் படித்து வாங்கிவந்த பி.ஏ. பட்டம் இந்த இடத்தில் உதவவில்லை. வாய் என்பது சோறு போகும் வழி; ஆகையால் பிறர் வாய்க்குள் நுழையும் கை வலக்கையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கை உள்ளே போய் எடுத்து வருவதோ அழுகலும் சீழும். அதைத் தொடுகிற கை இடக்கையாகத்தான் இருக்க வேண்டும். வலக்கையாக நுழைந்து இடக்கையாக வெளியே வர எந்தக் கையால் முடியும்? தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸராக இருந்து இத்தனை வருஷம் தொழிலாளர்களுக்குப் பல் பிடுங்கியவன் நீ. பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாவான என்னிடம் கேட்கிறாய்.

நாளைக் காலையில் பரீட்சை. பல் வைத்தியம் படிக்க விரும்பும் பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்கச் சிங்கப்பூரிலிருந்து இரண்டு பல் வைத்தியர்கள் மலாக்காவுக்கு வந்திருக்கிறார்கள். முதலில் எழுத்துப் பரீட்சையாம். அடுத்தது கைவேலை; ஒரு வெள்ளைக் கட்டியும் கத்தியும் கொடுத்து, மேஜையில் இருக்கும் பல்லைப் பார்த்து அதே மாதிரி செதுக்கச் சொல்வார்களாம். கடைசியில் நேரில் கூப்பிட்டுப் பேசுவார்களாம். பூங்காவனத்தை என்னிடம் அனுப்பும்போதே நீ சொல்லியனுப்பிவிட்டாய், அவள் எதையும் இடக்கையால் செய்யக் கூடாது என்று. அதற்கு ஞாபகமாக மாரியம்மன் கோயிலில் மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிறு அவள் இடது மணிக்கட்டில் பத்திரமாக இருக்கிறது. அவள் அம்மா அஞ்சலை காய்ச்சலில் இறந்தாள் என்பதற்கு மேல் அவளிடம் பேசக் கூடாது என்றாய், பேசவில்லை. நேர்முகத்தில் நீ எழுதிக் கொடுத்த பதிலைத்தான் சொல்ல வேண்டும் என்றாய். அது மனப்பாடம் ஆகிவிட்டது. ஆக, நீ சொன்னபடியே எல்லாம் நடந்திருக்கிறது. நடுவில் நடந்தவற்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

செதுக்கிப் பழக வெள்ளைக் கட்டிக்கு எங்கே போவது? சவுக்காரத்தில் பழகலாம் என்று தீர்மானித்தோம். துணி துவைக்கும் நீளச் சவுக்காரம் வாங்கித் துண்டு துண்டாக அறுத்துக் கொடுத்தேன். அவள் பின்கட்டில் உட்கார்ந்து செதுக்கச் செதுக்க, மறுபடி வாங்க, மறுபடி செதுக்க, ஒருநாள் தெருமுனைக் கடை காதர் மைதீன் சவுக்காரத்தைக் கட்டிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "டீச்சரம்மா, கோவிச்சுக்காதீங்க. வீட்ல நீங்க ரெண்டே பேரு. கொத்தனார் வீட்ல பதினொரு பேரு, அவங்களே மாசத்துக்கு ரெண்டு கட்டிதான் வாங்குறாங்க. அப்படி என்னா அழுக்கு உங்களுக்கு?" என்றார். பல் செய்கிறோம் என்றேன். சவுக்காரத்தையும் பார்த்தார், என் வாயையும் பார்த்தார். "நல்லாத்தான இருக்கு உங்க பல்லு?" என்றார். அதற்கு மேல் விளக்க எனக்குப் பொறுமை இல்லை. இப்போது எங்கள் வீட்டில் முழுச் சவுக்காரம் என்று ஒன்று கிடையாது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனால் கையில் வருவது ஒரு கடைவாய்ப் பல். அதற்கு நுரை வரச் செய்து, வேர்ப் பக்கம் முதுகைக் கீறாமல் பார்த்துக் குளித்து முடிப்பதற்குள் பொழுது போய்விடுகிறது.

சவுக்காரம் மிருதுவாக இருக்கிறது, கல் மாதிரி இருந்தால்தான் கை பழகும் என்று யாரோ சொல்லி, பூங்காவனம் என் பையிலிருந்த சுண்ணாம்புக்கட்டிகளில் கை வைத்துவிட்டாள். அது எனக்குத் தெரியாது. வகுப்பில் எதையோ எழுதிக்கொண்டிருந்தேன், பின்னாலிருந்து அடக்க முடியாத சிரிப்பு. திரும்பி, "என்ன சிரிப்பு?" என்றேன். முன் பெஞ்சுக்காரி எழுந்து, "டீச்சர், நீங்க பல்லால எழுதுறீங்க" என்றாள். பார்த்தேன், நல்ல கோரைப்பல். நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் இத்தனை காலம் பாடுபட்டுச் சேர்த்து வைத்திருந்த பயம் முழுவதும் அன்றைக்குப் போனது.

அப்புறம் நீ அனுப்பிய டின். மாதிரிக்கு நிஜப் பல் இருந்தால் நல்லது என்று நான்தான் எழுதினேன், மறுக்கவில்லை. ஒன்றிரண்டு வரும் என்று நினைத்தேன். நீ பால் மாவு டின் நிறையப் போட்டு, தங்காக் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பியிருந்தாய். நான் அதைச் சமையலறை அலமாரித் தட்டில் வைத்தேன். அதுதான் தப்பாகப் போயிற்று. காதர் மைதீன் வீட்டு பீவி, விருந்தாளி வந்துவிட்டார்கள், கொஞ்சம் சீனி வேண்டும் என்று ஓடி வந்தாள். உரிமையோடு தானே எடுத்துக்கொள்கிறவள். நான் வாசலில் கட்டுரை திருத்திக்கொண்டிருந்தேன். உள்ளே "யா அல்லா!" என்று ஒரு சத்தம், பிறகு சமையலறை முழுவதும் ஆலங்கட்டி மழை மாதிரி ஒரு சத்தம். அன்றிலிருந்து பீவி என்னைத் தெருவில் பார்த்தால் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு போகிறாள். "யாரு பல்லுன்னாவது சொல்லுங்க டீச்சரம்மா, அவ ராத்திரி தூங்க மாட்டேங்குறா" என்று காதர் மைதீன் கேட்டார். பால்மரம் வெட்டுகிறவர்களின் பல் என்றேன். "இவ்வளவுமா?" என்றார்.

நானும் அதைத்தான் நினைத்தேன். அன்றைக்கு நானும் பூங்காவனமும் தரையில் உட்கார்ந்து பொறுக்கினோம். வெற்றிலைக் கறை ஏறியது, பாதி உடைந்தது, சின்னஞ்சிறியது ஒன்று. எடுத்தவை எல்லாம் உன் கை எடுத்தவை. பூங்காவனம் ஒவ்வொன்றாகப் பார்த்து, முன்பல், கோரைப்பல், கடைவாய்ப் பல் என்று பிரித்து வைத்துக்கொண்டே வந்தாள். குழி விழுந்த கடைவாய்ப் பல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தாள். என்ன பார்க்கிறாய் என்றேன். "ஒண்ணுமில்ல அத்தை. இத்துனூண்டுதான் இருக்கு" என்றாள்.

நேர்முகத்துக்கும் பழக்கினேன். நான் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "ஏன் பல் வைத்தியம் படிக்க விரும்புகிறாய்?" என்று இங்கிலீஷில் கேட்பேன். அவள் தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல நின்று, புதிதாய்ச் சுதந்திரம் அடைந்த நம் மலாயாவின் பற்களைப் பேணிக் காப்பது என் தலையாய கடமை என்று நீ எழுதிக் கொடுத்ததை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். வாசலில் மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய காகிதக் கொடிகள் மழையில் சாயம் போய்த் தொங்கிக்கொண்டிருக்கும். "கண்ணு இருக்கு, காது இருக்கு. நாட்டுக்கு அதெல்லாம் வேணாமா? பல்லு மட்டும் ஏன்?" என்று மடக்குவேன். "அதுக்கு அப்பா எழுதிக் குடுக்கல அத்தை" என்பாள்.

கைக்கு வருகிறேன். வலக்கையால் அவள் செதுக்கிய பற்களை நீ பார்க்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் பழகியும் ஒன்றுகூடப் பல் போல இல்லை. கத்தி வழுக்குகிறது, மூலை உடைகிறது, வேர் என்று நினைத்துச் செய்தது கையோடு வந்துவிடுகிறது. "இது பல் மாதிரியா இருக்கு?" என்று கேட்டால், "இல்ல அத்தை, கொழுக்கட்டை மாதிரி இருக்கு. பூரணம் வச்சா வித்துடலாம்" என்கிறாள். சிரிக்கிறாள், ஆனால் விரலெல்லாம் கீறல். நல்லது, இவளுக்கு இந்தக் கைவேலை வராது, நீ மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்று எழுத நினைத்திருந்தேன். அப்போதுதான் போன வாரம் கிணற்றடித் துவைகல்லின் மேல் ஒரு பல்லைப் பார்த்தேன். டின்னிலிருந்து விழுந்தது என்று நினைத்து எடுத்தேன். சவுக்கார வாசனை வந்தது. நாலு மேடு, நடுவில் பள்ளம், பள்ளத்தின் குறுக்கே மெல்லிய கோடு, அடியில் இரண்டு வேர்களும் ஒரே பக்கமாகச் சற்றே சாய்ந்திருந்தன. என் நாக்கால் என் கடைவாய்ப் பல்லைத் தடவிப் பார்த்தேன். அப்படியே இருந்தது.

"யார் செஞ்சது?"

"நான்தான்."

"எந்தக் கையால?"

"வலது கை தூங்கிக்கிட்டு இருந்துச்சு அத்தை" என்றாள்.

நான் திட்டவில்லை, ஆனால் உன் கட்டளையை ஞாபகப்படுத்தினேன். நாளைக்கு வலக்கையால்தான் செதுக்குவேன் என்று கையடித்துச் சத்தியம் செய்து கொடு என்றேன். நீட்டினாள். நீட்டியது இடக்கை. பிறகு மாற்றிக்கொண்டாள். ஆகவே நீ கவலைப்பட வேண்டாம். நாளைக்கு வலக்கைதான், கொழுக்கட்டைதான். முடிவு என்னவாக இருக்கும் என்பதையும் நீ இப்போதே தெரிந்துகொள்ளலாம்.

ஒன்றை மட்டும் கேட்கிறேன், பதில் எழுத வேண்டியதில்லை. தங்கள் பிள்ளைக்கு இடக்கைப் பழக்கம் இருந்தால் எல்லாரும் திட்டுவார்கள், கையில் ஒரு அடி கொடுப்பார்கள், அத்தோடு விட்டுவிடுவார்கள். நீ கயிறு கட்டினாய். சாமி கும்பிடுவாயே தவிர, சாங்கியம், சகுனம் என்று எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவன் நீ. ஜப்பான்காரன் காலத்தில், உன் ஆஸ்பத்திரி அலமாரியில் அயோடின்கூட இல்லாத நாளில், அஞ்சலைக்குப் பல்லில் வந்த சீழ் கன்னம் வீங்கிக் கழுத்து வரைக்கும் இறங்கியதும், நீயே குறடு பிடித்துப் பிடுங்கியதும், அதற்குப் பிறகு அவள் பிழைக்காததும் எனக்குத் தெரியும். அப்போது பூங்காவனத்துக்கு நாலு வயது. அவளுக்கு எதுவும் தெரியாது. அந்த மட்டில் நீ நிம்மதியாக இருக்கலாம். அவளைப் பல் வைத்தியம் படிக்க அனுப்ப நினைப்பதன் காரணமும் எனக்குப் புரிகிறது. கயிற்றின் காரணம்தான் புரியவில்லை. இருந்தாலும் உன் பிள்ளை, உன் கட்டளை. நான் தலையிடுகிறவள் அல்ல. நாளைக்கு அவளைப் பெச்சா வண்டியில் கொண்டுபோய் விடுவேன், வெளியே பெஞ்சில் காத்திருப்பேன், கூட்டி வருவேன். அவ்வளவுதான் என் பங்கு.

உடம்பைப் பார்த்துக்கொள். மாரியம்மன் மீது எனக்குப் போதாத நம்பிக்கையும் சேர்த்து உனக்கு இருப்பதால், நாளைக்கு ஒரு கற்பூரம் நீயே ஏற்றிவிடு. பற்களைக் கொடுத்தவர்களில் உயிரோடிருப்பவர்கள் எல்லாருக்கும் என் அன்பைச் சொல். நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அக்கா,
சந்திரமதி

பி.கு. புதன்கிழமை பிற்பகல். நேற்று தபால் எடுக்கும் நேரம் தாண்டிவிட்டதால் கடிதம் என்னிடமே இருந்தது. நாங்கள் சுகம் என்று மேலே எழுதியதைத் தவிர மற்ற எதையும் நீ நம்ப வேண்டாம்.

காலையில் பெச்சாக்காரர் வாசலில் மணியடித்துக்கொண்டிருந்தார். பூங்காவனம் அவசர அவசரமாகச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். அந்தக் கயிறு ரிப்பனில் மாட்டிக்கொண்டது. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனேன். ரிப்பனை வெட்டப் போகிறேன் என்று நினைத்து, "ஐயோ, புது ரிப்பன் அத்தை" என்றாள். கயிற்றை வெட்டினேன். தலையிடுகிறவள் அல்ல என்று எழுதி ஒரு நாள்கூட ஆகவில்லை. கயிற்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக அவள் முதுகு தெரிந்தது. இடது தோள் அசைந்துகொண்டே இருந்தது. சுற்றியிருந்தவர்கள் எல்லாம் பையன்கள். ஒருவன் தன் வேலையை விட்டுவிட்டு அவள் மேஜையையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சந்தோஷப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அவள் வெளியே வந்தாள். பெச்சாவில் ஏறி, ஆற்றுப் பாலம் தாண்டினோம்.

"ஏன் பல் வைத்தியம்னு கேட்டாங்க அத்தை" என்றாள்.

"அப்பா எழுதுனதைச் சொன்னியா?"

"ஆரம்பிச்சேன். மலாயான்னு சொன்னேன், அதுக்கு மேல வரல. எங்கம்மா பல்லு வலியில செத்துட்டாங்கன்னு சொன்னேன்."

"யார் சொன்னா உனக்கு?"

"யாரு சொல்லணும்? நான் அங்கதான இருந்தேன். அப்பா குறடு புடிச்சிருந்தாரு. அம்மா என்னோட இந்தக் கையப் புடிச்சிக்கிட்டு இருந்தாங்க." இடக்கையைத் தூக்கிக் காட்டினாள். கயிறு இருந்த இடம் வெளுத்திருந்தது. "அப்பா அழுதுக்கிட்டே புடுங்குனாரு அத்தை. அதான் நான் அவருகிட்ட ஒரு நாளும் கேக்கல. காய்ச்சல்னு சொன்னாரு. சரின்னுட்டேன்."

அவளிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறோம் என்று நீயும் நானும் இத்தனை வருஷம் நினைத்திருந்தோம். அவள் உன்னிடமிருந்து மறைத்து வைத்திருந்தாள்.

பிறகு நடந்ததையும் சொன்னாள். இரண்டு வைத்தியர்களில் வயதானவர் அவள் செதுக்கிய பல்லை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாராம். இதுவரை எந்தப் பிள்ளையும் இப்படி ஒன்றைச் செய்து நான் பார்த்ததில்லை என்றாராம். எந்தக் கையால் செய்தாய் என்று கேட்டிருக்கிறார். சொல்லியிருக்கிறாள். இன்னொரு கட்டி கொடுத்து, வலக்கையால் செய் என்றிருக்கிறார். கொழுக்கட்டை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பல் வைத்தியர் நிற்கும் இடம், விளக்கு, துப்புகிற கிண்ணம் எல்லாமே வலக்கைக்காரருக்கென்று செய்து நாற்காலியோடு பூட்டியிருப்பவை, இடக்கைக்காரருக்கு நாற்காலி கிடையாது என்று விளக்கியிருக்கிறார். ஆகவே உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, தம்பி. வலக்கை. நீ சொன்னதுதான் சரி. வலக்கையைப் பழக்கிக்கொண்டு அடுத்த வருஷம் வா, இந்த வருஷம் இடம் கொடுக்க முடியாது என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். "நாலு வயசுலேருந்து அதைத்தான் சார் பழக்குறேன்" என்றாளாம் இவள். இளையவர் சிரித்தாராம். வயதானவர் சிரிக்கவில்லையாம். அந்தப் பல்லைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லையாம்.

"அடுத்த வருஷமும் இந்தக் கையாலதான் போவேன். அவங்க நாற்காலியத் திருப்பிப் போடட்டும்" என்றாள். சொல்லிவிட்டு, காதர் மைதீன் கடை வரும் வரையில் அழுதாள். அவர் கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னா டீச்சரம்மா, பல்லு என்னாச்சு?" என்றார். நான் கையை மட்டும் அசைத்தேன். சற்று நேரத்தில் பீவி வந்தாள். முக்காடு போட்டுக்கொண்டுதான் வந்தாள், வாயை மூடவில்லை. இரண்டு கட்டிச் சவுக்காரத்தைப் படியில் வைத்துவிட்டு, "புள்ள நாளைக்கும் செய்யும்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நீயும் அஞ்சலையும் கல்யாணமான புதிதில் இந்த வீட்டுக்கு வந்திருந்தீர்கள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவாள். இடக்கையால் சாப்பிடுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அவளுக்குப் பயம். ஒருநாள் தண்ணீர் எடுக்கக் கதவைத் திறந்தேன். அவளுக்கு எதிரே நீ தரையில் உட்கார்ந்து வாயைத் திறந்துகொண்டிருந்தாய். அவள் உருட்டிய சோறு அந்தக் கையில் இருந்தது. நான் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டேன். கயிற்றின் காரணம் புரியவில்லை என்று நேற்று எழுதினேன். மகளிடம் நீ பார்க்கப் பயந்தது யார் கையை என்று இன்றைக்கு மத்தியானம் புரிந்தது.

மத்தியானம் தட்டு வைத்தேன். பூங்காவனம் முகத்தையும் கையையும் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இடக்கையால் சோற்றைப் பிசைந்தாள். பிசைந்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். ரசம் ஊற்றினேன்.